கடைசி மூலைக்குத் தாள்

கடைசி மூலைக்கு மட்டும் தாள் இல்லை.

மற்றதையெல்லாம் இசைவாணி தைத்து முடித்துவிட்டாள். நாளைக் காலையில் எழிலின் பிள்ளைக்குப் பேர் வைத்துத் தொட்டிலில் போடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி, அண்ணன் வெள்ளைத்துரை வீட்டில்.

எழில் அண்ணன் மகள். அவள் கல்யாணத்துக்கே போகாத அத்தை இசைவாணி. நாளைக்கும் போவதாக இல்லை. ஆனால் போர்வை போகும், பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி கையில். வீம்பு வேறு, அத்தை முறை வேறு.

சின்னச் சின்னத் துணிகளைச் சேர்த்து நட்சத்திரமாகத் தைக்கிற போர்வை அது. துணி இழுத்துக்கொண்டு கோணாமல் இருக்க ஒரு தாள் வேண்டும். தாளில் கோடு போட்டு, மறுபக்கம் துணியை வைத்து, கோட்டின் மேலேயே மிஷினை ஓட்ட வேண்டும். எல்லாம் முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம்.

தாளில்தான் விஷயமே இருக்கிறது. செய்தித்தாள் வெள்ளைத் துணியில் மையை அப்பியது. வெடிக்குக் குழாய் சுருட்டும் பழுப்புத் தாள் முரடு, இழுத்தால் நூல்தான் அறும். காலண்டர் படத்தாள் வழுக்கும். கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தது புருஷன் முனியராஜ்தான்.

முனியராஜ் என்றால், அவன் படம் போட்ட போஸ்டர்.

போன உள்ளாட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நின்றான். சிவகாசி பிரஸ்ஸில் ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இவர்கள் வார்டில் அவ்வளவு சுவர் ஏது? ஒட்டியது போக மீந்ததைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவைத்தான். மெல்லிய தாள், ஒரு பக்கம் சுத்த வெள்ளை, மை எப்போதோ காய்ந்துவிட்டது. நெருக்கமாகத் தைத்தால் தினக் காலண்டர் மாதிரி கோட்டோடு கிழியும்.

வெள்ளைப் பக்கம் கோடு, முகத்துப் பக்கம் துணி. கிழிக்கும்போது மீசை தனியாகவும் கும்பிட்ட கை தனியாகவும் வரும். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அவன்மேல் கோபம் வந்த நாளில் வேலை இன்னும் வேகமாக ஓடும்.

அவன் அதற்கெல்லாம் கோவித்துக்கொண்டதில்லை. ஒன்றே ஒன்று, அவளைப் பரணில் ஏற விடமாட்டான். கேட்கும்போதெல்லாம் தானே ஏறி, தானே உருவிக்கொண்டு வந்து கொடுப்பான். பெண்டாட்டி விழுந்துவிடக் கூடாதென்று இப்படித் தாங்குகிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று, வேலைக்குக் கூட்டிப்போகும் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் அவள் பெருமையடித்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவனைத்தான் அண்ணன் திருடன் என்றான்.

அதே வார்டில் அண்ணனும் நின்றான். ஓட்டுப்போடுவதற்கு முந்தின வாரம் அவனுடைய போஸ்டர் கட்டு காணாமல் போனது. ஓட்டுப் பிரிந்து இரண்டு பேரும் தோற்க, மூன்றாவது ஆள் ஜெயித்தார். உன் புருஷன்தான் தூக்கியிருக்கிறான் என்று அண்ணன் தெருவில் நின்று கத்தினான். இசைவாணி அந்த இடத்திலேயே சூடம் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்றோடு பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. திருடன் என்று சொன்ன வாயால் வந்து அவன் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள்.

இப்போது கடைசி மூலைக்கு இன்னும் ஒரே ஒரு தாள் வேண்டும் என்றாள்.

தீர்ந்துபோய்விட்டது என்றான் முனியராஜ், பரணைப் பார்க்காமல்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். சாக்கு இன்னும் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. மிஷினை விட்டு எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவன் குறுக்கே வந்து நின்றான். மடியிலிருந்து நழுவிக் கிடந்த போர்வையைப் பார்த்தான். தொட்டில் அளவுக்குச் சின்னது. பிறகு அவனே ஸ்டூலில் ஏறிச் சாக்கை முழுதாக இறக்கி அவள் முன்னால் அவிழ்த்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அவன் முகம் தீர்ந்துதான் போயிருந்தது.

பிரஸ்ஸில் கட்டிய சணல் பிரியாமல் ஒரு கட்டு. மேல் தாளில் அண்ணன் வெள்ளைத்துரை அவளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

"எலெக்சன் முடிஞ்சதும் உங்கண்ணன் வீட்டு வாசல்ல போட்டுட்டு வந்துரலாம்னுதான் இருந்தேன். நீ சூடம் அடிச்சப்பறம் சொல்ல வாய் வரல."

எழிலை மணக்கோலத்தில் இசைவாணி போட்டோவில்தான் பார்த்திருந்தாள், அதுவும் கற்பகவல்லியின் போனில்.

சணலை அறுத்தாள். ஒரு தாளை உருவினாள். இந்த முறை வெள்ளைப் பக்கத்தில் துணியை வைத்தாள். கோட்டை அண்ணன் முகத்தின் மேலேயே போட்டாள். தையல் கோணவில்லை.

மூலையைப் போர்வையோடு சேர்த்தாள். மற்ற தாள்களையெல்லாம் சரசரவென்று கிழித்து எடுத்தாள். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். பின்பக்கத் துணியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"கடைசித் தாளை எங்கண்ணன் கையால கிழிக்கட்டும். சாக்கைத் தூக்கிக்கிட்டு நீங்க முன்னால நடங்க."