விசுவாச வகுப்பு

"சோறு போட்ட கம்பெனியை விட்டுட்டு ஓடுறவன் மனுஷனே இல்ல."

கேட் ஓரமாக வரிசையில் நின்ற காவலாளிகளைப் பார்த்து மேனேஜர் முழங்கினார். மாதம் பிறந்தால் காலையில் இந்த வகுப்பு தவறாமல் நடக்கும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

"எதிர் கேட்டைப் பாருங்க. போன வாரம் வரைக்கும் நம்ம நீலச் சட்டையில இன்னொரு மேனேஜர்கிட்ட வேலை பார்த்தவன். இன்னிக்கு அவங்க பழுப்புச் சட்டையில நிக்கறான். எதுக்கு? நாலு காசு கூடக் கிடைக்குதுன்னு. வெக்கமா இல்ல?"

எதிர் கேட்டில் நின்றவனுக்கு இது காதில் விழுந்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் இவருக்கும் ஒரு சல்யூட் அடித்தான்.

உண்மையில் மேனேஜரின் கவலை விசுவாசம் இல்லை, வீடு. அவருடைய செக்யூரிட்டி ஏஜென்சியில் மேனேஜருக்குச் சம்பளம் ஏற்றும்போது படிப்பைப் பார்க்க மாட்டார்கள், அனுபவத்தையும் பார்க்க மாட்டார்கள். கையில் எத்தனை கட்டடம், எத்தனை புகார் என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை காவலாளிகள் வேலையை விட்டு ஓடினார்கள் என்று பார்ப்பார்கள். ஓடுகிற ஒவ்வொருவனும் மேனேஜரின் சம்பள உயர்வில் ஒரு வாய் கடித்துக்கொண்டுதான் ஓடுவான்.

போன வருஷம் இரண்டு பேர் ஓடினார்கள். இவருக்கு ஒன்றுமே ஏறவில்லை. அதனால் குடும்பம் இன்னமும் மச்சான் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. மனைவியின் அண்ணன் நல்ல மனிதர்தான். ஆனால் மாடியில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டால் கீழேயிருந்து இருமுவார்.

"என்னங்க, இந்த வருஷமாவது தனியா போயிடுவோமா?" என்று மனைவி அடிக்கடி போனில் கேட்பாள். இவர் கேட் பக்கம் நின்றபடிதான் பதில் சொல்வார். மெதுவாகப் பேசுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது.

"இந்த மாசம் எனக்குச் சம்பளம் ஏறணும். எவனாவது நகர்ந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்று வகுப்பை முடித்தார்.

வரிசையில் மூத்தவரான மீசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சார், எங்களுக்கு எப்ப ஏறும்?"

"முதல்ல தொப்பியை நேரா வைங்க."

மீசைக்காரர் தொப்பியை நேராக வைத்தார். காவலாளிகளின் சம்பளப் பேச்சு அதோடு முடிந்தது.

மேனேஜர் பைக்கைக் கிளப்பினார். அவர் அலுவலகத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினார்.

இடது பக்கம் போனால் பழுப்புச் சட்டைக் கம்பெனியின் தலைமை அலுவலகம்.

வாசலிலேயே அடையாள அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டுக்குள் திணித்தார். காவலாளி தாவினால் துரோகம், மேனேஜர் தாவினால் முன்னேற்றம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது.

பழுப்புச் சட்டைக் கம்பெனியின் முதலாளி ஒரு அம்மாள். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"எல்லா மேனேஜர்கிட்டேயும் ஆளுங்க ஓடிக்கிட்டே இருக்காங்க சார். உங்ககிட்ட மட்டும் இந்த வருஷம் ஒருத்தர்கூட நகரல. அப்படிப்பட்டவருக்கு நாங்க இப்ப வாங்கறதைவிட ஒண்ணரை மடங்கு தருவோம்."

ஒன்றரை மடங்கு. மேனேஜர் மனதுக்குள்ளேயே மச்சான் வீட்டு மாடியிலிருந்து சாமான்களை இறக்கத் தொடங்கிவிட்டார். பீரோவை இறக்கும்போது மச்சான் இருமினார். இவர் திரும்பியே பார்க்கவில்லை.

"எப்படி சார் அவங்களைக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"பயம்தான் மேடம்." மேனேஜர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "என் குரலைக் கேட்டாலே நடுங்குவாங்க. மாசா மாசம் வகுப்பு எடுக்கறேன். கொஞ்சம் இளகினோம்னா தலைமேல ஏறி உட்கார்ந்துடுவாங்க."

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது.

"பயம் மாதிரி தெரியலையே சார். போன வாரம் உங்க ஆளுங்க எல்லாரையும் நாங்க போன்ல கூப்பிட்டோம். இப்ப வாங்கறதுக்கு மேலயே தர்றோம்னு சொன்னோம். ஒருத்தரும் அசையல."

"பாத்தீங்களா" என்றார் மேனேஜர்.

"ஒரு பெரியவர்கிட்ட ஏன்னு கேட்டேன். 'இந்த வருஷம் யாரும் நகரக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்மா. போன வருஷம் ரெண்டு பேர் போனதுல எங்க மேனேஜருக்குச் சம்பளமே ஏறல. பாவம், மனுஷன் மச்சான் வீட்டு மாடியில கிடந்து அல்லாடறாரு. கத்தறதைத் தவிர அவருக்கு ஒண்ணும் தெரியாது, அப்பாவி. அவர் முதல்ல ஒரு தனி வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் எங்க பொழப்பைப் பாத்துக்கறோம்'னு சொன்னாரு."

மேனேஜர் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா, நீங்க இங்க வந்திருக்கறது அவங்களுக்குத் தெரியுமா சார்?"