ஏழாம் நம்பர் பட்டை

"உன் மிஷின் பொய் சொல்லுது பாப்பா. அப்படியே எழுதிக்கோ. கையெழுத்துப் போட்டுட்டு நான் கிளம்பறேன்."

தபால்காரர் இடது கையை மேசைமேல் பொத்தென்று வைத்தார். மணிக்கட்டில் காலடி எண்ணும் பட்டை. மூன்று வருஷத்து வெயில், மழை, வேர்வை, சோப்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் கிடந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். வார் விட்டுப்போன இடத்தில் அவரே நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

எதிரே இன்ஜினியர் பெண் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பட்டை எத்தனை வருஷம் உழைக்கும், உழைத்த பிறகும் ஒழுங்காக எண்ணுமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்காகப் பதினைந்து பேர் கையில் கட்டிவிட்டு, கட்டடத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்ட பாதையில் தினமும் காலை ஆறு மணிக்குப் பத்துச் சுற்று நடக்கச் சொல்லியிருந்தாள். அவள் அலுவலகம் வருவது ஒன்பது மணிக்கு. கணக்கு மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்.

இன்றைக்குக் கடைசி நாள். நாலு மணிக்கு அறிக்கை மேலே போக வேண்டும். பதினாலு பட்டை பத்தரைமாற்றுத் தங்கம். இந்த ஏழாம் நம்பர்தான் மானத்தை வாங்கியது. பத்துச் சுற்றுக்கு ஐயாயிரத்து முந்நூறு காலடி என்று இரண்டு வருஷம் எட்டு மாதம் காட்டியது. அப்புறம் திடீரென்று ஏழாயிரம். அதே பாதை, அதே பத்துச் சுற்று, அதே கால்.

ஒரு பட்டை பழுது என்று எழுதினாலும் போதும், மொத்தத்தையும் மூட்டை கட்டிவிடுவார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்குதானே வேண்டும்.

"திறந்து பாத்துட்டேன் ஐயா. உள்ளே எதுவும் கெட்டுப் போகல. என் பட்டை தப்பா எண்ணாது. உங்க நடைதான் மாறியிருக்கணும்."

"என் நடையா? முப்பத்தொரு வருஷம் தெருத்தெருவா கடுதாசி குடுத்த காலு இது. உன் பாதைய வேணா நாடா புடிச்சு அளந்து பாரு."

"கைய ரொம்ப வீசினாலும் கூடுதலா எண்ணும்..."

"ஏன், போற வர்றவனுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கிட்டா நடக்கறேன்?"

"வேற யார் கையிலயாவது கட்டி விட்டீங்களா?"

பெரியவருக்கு மூக்கு விடைத்தது. "ஒரு வீட்டுக் கடுதாசிய இன்னொரு வீட்டுல போட்டவன் இல்ல நான். பொய்யும் புரட்டும் என் ஜாதகத்துலயே கெடையாது. என்னை விசாரிக்கறதுக்குப் பதிலா அந்த ஆமையப் போய் விசாரி."

"எந்த ஆமை?"

"பன்னெண்டாம் நம்பர். முட்டி வலின்னு அங்குலம் அங்குலமா போகுதே, அந்தத் தையல்காரம்மா. அதுக்குப் பேரு நடையா? அதோட பட்டை சரியா எண்ணுதாம், என்னுது மட்டும் கெட்டுப் போச்சாம்!"

பட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த தையல்காரம்மா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தால் வம்பு என்று இன்ஜினியர் பெண் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"வாங்க ஐயா. ஒரே ஒரு சுத்து, என் கண் முன்னாடி."

"இப்பவா?" அவர் வாசல் பக்கம் பார்த்தார். "வெயில் ஏறிடுச்சு. நாளைக்குப் பாப்போமே."

"நாளைக்கு இந்த நாற்காலியில நான் இருக்க மாட்டேன் ஐயா."

பெரியவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

நடந்தார் பாருங்கள், நடை! பெஞ்சைக் கடந்தது தெரியவில்லை, மூலை திரும்பியது தெரியவில்லை. பின்னாலேயே எண்ணிக்கொண்டு ஓடிய பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. சுற்று முடிந்தபோது அவள் வாய்க்கணக்கு ஐந்நூற்று முப்பது. பட்டையைப் பார்த்தாள். அதுவும் ஐந்நூற்று முப்பது.

பத்துச் சுற்றுக்கு ஐயாயிரத்து முந்நூறு. பழைய கணக்கு, ஒரு அடி பிசகவில்லை.

அறைக்கு வந்ததும் அவள் நேராகவே கேட்டாள். "பட்டையும் சரியா இருக்கு. உங்க காலும் சரியா இருக்கு. அப்ப தினமும் கூடுற ஆயிரத்து எழுநூறு அடி எங்கேருந்து வருது?"

"அதைத்தானே காலையிலேருந்து சொல்றேன். பொய் சொல்லுது. இன்னிக்கு உன்னப் பாத்துப் பயந்து ஒழுங்கா இருக்கு."

"சரி. அப்ப பழுதுன்னே எழுதிடறேன்."

பேனாவை எடுத்தாள். பெரியவர் நூல் முடிச்சை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா..."

"சொல்லுங்க ஐயா."

"ஒண்ணுமில்ல. எழுது."

ஏழாம் நம்பருக்கு நேரே 'பழுது' என்று எழுதினாள்.

கதவு திறந்தது. தையல்காரம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். இன்ஜினியர் பெண்ணை அவர் பார்க்கவே இல்லை.

"ஏன் தபால்காரரே, இப்ப அம்பு மாதிரி பறந்தீங்களே, பெஞ்சுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கும் முட்டி வலிதான்னு நாலு மாசமா எங்கூடவே சின்னச் சின்ன அடியா நொண்டிக்கிட்டு வந்தீங்களே, அது எந்த ஊரு முட்டி?"

பெரியவர் தரையைப் பார்த்தார். இன்ஜினியர் பெண் 'பழுது' என்பதை அடித்துவிட்டு, 'பொய் சொன்னது பட்டை இல்லை' என்று எழுதினாள்.