அசையாத ஆணி

"வயித்து வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல! இந்த வீடு எப்போ தலைமேல விழும்னு நானே பயந்து சாகுறேன். ஸ்கூல்லதான் பத்திரம், கிளம்புடி!"

மகளைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, தையல்காரி சுவரைப் பார்த்தாள். மெஷினுக்குப் பின்னால் கிளம்பிய விரிசல் ஜன்னல் வரை போயிருந்தது. ஊரே போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சினால் மண் எத்தனை நாள்தான் தாங்கும்?

பதினோரு மணிக்குச் சர்வேயர் வந்தார். மண் இறங்குகிறதா என்று போன வருடமும் தெரு முழுக்க அளந்தவர் அவர்தான். அளவுகோலை அவளிடமே கொடுத்து, வாசற்படியில் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார்.

"கை நடுங்காம பிடிங்கம்மா."

"எப்படி சார் நடுங்காம இருக்கும்? காலி பண்ணச் சொன்னா மெஷினையும் பிள்ளையையும் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

"உங்க வீடுதான் கடைசி. காலையிலிருந்து குறிச்சதுக்கு இப்பதான் கணக்குப் போடணும்." முக்காலிமேல் இருந்த கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "ஸ்கூல் படிக்கட்டுல பித்தளை ஆணி அடிச்சிருக்கோம். அது அசையாதுன்னு வெச்சுத்தான் எல்லா வீட்டையும் அளக்கறது."

"அந்த ஸ்கூல் போர் தண்ணிதான் சார் ஊருக்கே லாரியில போகுது. ராசியான இடம், வத்தவே வத்தாது."

அவர் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். நோட்டுப் புத்தகத்தில் கூட்டினார், கழித்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

"வீடு போச்சா சார்?"

"இல்லம்மா. இறங்கல. எட்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கு."

"ஏறியிருக்கா!" போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "அப்போ இந்த விரிசல்?"

"அது வெறும் பூச்சு வெடிப்பு."

"அப்பாடா! உட்காருங்க சார், டீ போடறேன்."

அவர் உட்காரவில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, மூலை வீடு என்று நோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"முப்பது வீடும் அதே எட்டு ஏறியிருக்கும்மா. வீடு எங்கேயாவது ஏறுமா?"

அவள் விழித்தாள். அவர் கருவியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் ஓடத் தொடங்கியிருந்தார்.

"ஸ்கூலுக்குப் போன் போடுங்க, பிள்ளைங்களை வெளியே வரச் சொல்லுங்க!"