அடுத்த உறுப்பினர்

“என் கையெழுத்து செல்லாதும்மா. என் பதவிக்காலம் முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு” என்றார் கிழவர் ஆர்வில் ட்வீட்டன், கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கையெழுத்து வாங்க வந்திருந்த பிரிட்டா சோரம் கடிகாரத்தைப் பார்த்தாள். மாநிலச் சட்டசபைக்குப் புதிதாக வந்தவள். மூன்று மணிக்கு அவளுடைய மசோதாவுக்குக் கடைசி வாக்கெடுப்பு. அது நிறைவேறினால் ஒரேசீர்ச் சட்டங்களுக்கான கமிஷனுக்கு இனிமேல் பணமும் கிடையாது, புது ஆளும் கிடையாது. மிச்சமாகும் தொகையில் அவள் ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ். போன பனிக்காலத்தில் அறுபது மைல் தள்ளியிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அவள் அப்பா போய்விட்டார். கமிஷன் உறுப்பினர் யாரிடமாவது ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி வாங்கிவரும்படி நிதிக்குழுத் தலைவர்தான் சட்டசபைக் கட்டடத்தின் இந்த அடித்தள அறைக்கு அனுப்பியிருந்தார்.

ஐம்பது மாநிலங்களுக்கும் ஒரே வாசகத்தில் சட்டம் எழுதித் தருவது கமிஷனின் வேலை. சம்பளம் கிடையாது. எழுதியதை வரி வரியாக உரக்கப் படித்துத் திருத்துவது அவர்கள் வழக்கம். படிப்பதைக் கேட்க அவளைத் தவிர அங்கே ஆளே இல்லை. இருந்தும் கிழவர் ஒரு வரி படித்தார், நிறுத்தினார், காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, “திருத்தம் உண்டா?” என்று கேட்டார். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

பிரிட்டாவுக்கு உடம்பு சில்லிட்டது. ஹீட்டர் ஓடவில்லை, அவ்வளவுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

“காலம் முடிஞ்சா வீட்டுக்குப் போகவேண்டியதுதானே சார்?”

“அடுத்த ஆள் பதவியேத்தாத்தான் நான் எந்திரிக்கலாம். நானே எழுதின விதி.” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். “எல்லா கவர்னருக்கும் எழுதிப் பார்த்தேன். ஒருத்தர் மட்டும் பேரை நிரப்பாம நியமனக் கடுதாசி அனுப்பினார். ஆள்தான் அகப்படல. ஓசி வேலைக்கு யாரும்மா வருவா?”

பிரிட்டாவின் மூளை சட்டென்று வேலை செய்தது. “அதுல என் பேரை எழுதுங்க. நானே உறுப்பினர், நானே கையெழுத்து. முடிஞ்சது கதை!”

கிழவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நல்லா யோசிச்சுக்கோ.”

“மணி ரெண்டே முக்கால் சார். யோசிக்கல்லாம் நேரமில்ல.”

உறுதிமொழியையும் மனிதர் வரி வரியாகத்தான் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் “திருத்தம் உண்டா?” வேறு. பிரிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு, வலக்கையை உயர்த்தியபடி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள்.

“அப்பாடா!” கிழவர் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “அந்த விதியில ஒரு வரி விட்டுப்போச்சும்மா. உறுப்பினர் செத்தா பதவி போயிடும்னு எழுதியிருக்கணும். இதைக்கூடவா எழுதணும்னு நான்தான் அடிச்சுட்டேன். என்னை மன்னிச்சுடு.”

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. ஆனால் அறையில் அவர் இல்லை.

பாவம், வயசாயிற்று, ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு பிரிட்டா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்திட்டாள். செல்போனை எடுத்து நிதிக்குழுத் தலைவரை அழைத்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

“கையெழுத்து ரெடி சார்! ட்வீட்டன் எடத்துக்கு நானே உறுப்பினரா வந்துட்டேன்.”

“யாரு, ஆர்வில் ட்வீட்டனா? கிண்டலா பண்றே? அவரைப் புதைச்சு இருபத்தாறு வருஷமாச்சு. சவப்பெட்டியைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்” என்று தலைவர் உற்சாகமாகச் சிரித்தார். “கமிஷன்ல இப்ப ஆளே இல்லன்னு நீ போனப்புறம்தான் கிளார்க் சொன்னாங்க, அப்புறம் கையெழுத்து எதுக்கு? நீ இல்லாமலே ஏகமனதா நிறைவேத்திட்டோம். உன் ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்தாச்சு! கமிஷன் பேருக்கு இருந்துட்டுப் போகட்டும். இனிமே எந்தக் காலத்துலயும் அங்க அடுத்த ஆள்னு ஒருத்தர் வரவே முடியாது!”