அதே மாதிரி ஒரு குரூப் போட்டோ

"அண்ணாச்சி, எங்களுக்கு உக்கார நாற்காலி வேணும்."

தேன்மொழி கேட்டதும், ஜவுளிக்கடையில் சேலை அடுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்: லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, முதலாளியிடம் நாற்காலியை மட்டும் கேட்டுவிடாதே.

கல்லாவில் இருந்த ராஜதுரை சிரித்தார்.

"ஏட்டி, உங்க வம்சத்துலயே மொத மொத காலேஜ் வாசலை மிதிச்சவ நீ. அதான் துள்ளுத. ஆடித்தபசுத் திருவிழா யாவார நேரத்துல நாற்காலியாம்லா!"

"யோகலட்சுமி அக்கா கால் வீங்கிப்போய் நேத்து செத்த நேரம் தரையில உக்காந்தா. அதைக் கேமராவுல பாத்துட்டு வேலையை விட்டே நிறுத்திட்டிய. அவளைத் திரும்பக் கூப்பிடுங்க. எங்க எல்லாருக்கும் நாற்காலி போடுங்க. கடையில நிக்கவங்களுக்கு இருக்கை குடுக்கணும்னு சட்டமே இருக்கு."

"சட்டம் சென்னையில இருக்கு. கடை சங்கரன்கோவில்ல இருக்கு. இங்கன வா."

கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த சின்னப் படத்தைக் கழற்றி நீட்டினார். லண்டனில் இருக்கும் மருமகன் பழைய சாமான் சந்தையில் வாங்கி அனுப்பியது. நூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு இங்கிலீஷ் ஊரில், உள்ளூர் போட்டோகிராபர் எடுத்து அஞ்சலட்டையாக அச்சுப்போட்ட குரூப் போட்டோ.

"வெள்ளைக்காரன் ஜவுளிக்கடை. முதலாளி நடுவுல ராசா மாதிரி உக்காந்திருக்கான். வேலைக்காரப் பிள்ளைய வரிசையா நிக்காளுவ. நான் என்ன புதுசாவா நிக்க வச்சிட்டேன்?"

"இதுதான் உங்க முடிவா அண்ணாச்சி?"

"முடிவுதான். பேச்சை விட்டுட்டுப் படத்துக்கு வாங்கட்டி. கடைக்கு வெள்ளிவிழா காலண்டர் போடுதேன். அதே மாதிரி இருக்கணும், ஆமா."

தேன்மொழி மற்ற பெண்களைப் பார்த்தாள். "அண்ணாச்சி ஆசைப்படுதாரு. அதே மாதிரியே நிப்போம்" என்றாள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. மளமளவென்று வெளியே வந்தார்கள்.

வாசலில் கேமராவோடு நின்ற சுடலைராஜ், ராஜதுரை கொடுத்த அந்த அஞ்சலட்டைக் கார்டையும் கடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல கடை ஷட்டர் இறங்கியிருக்கு."

"ஞாயித்துக்கிழமை எடுத்திருப்பான். இறக்குலே!"

"பிள்ளைய தொப்பி வச்சி, கையில பையோட நிக்காளுவ."

"தொப்பிக்கு எங்கன போக? ஏட்டி, எல்லாரும் பையை எடுத்துத் தோள்ல மாட்டுங்க."

ராஜதுரை மீசையை நீவிக்கொண்டு நடு நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் பெண்கள் பையோடு வரிசையாக நின்றார்கள். இந்தக் கடையில் இவ்வளவு ஒழுங்காகச் சொன்ன பேச்சு கேட்டு அவர்கள் நின்றதே இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கேமரா மின்னியது.

"அசல் அப்படியே இருக்கு. அந்த வெள்ளைக்கார முதலாளி உங்ககிட்ட பிச்சை வாங்கணும் அண்ணாச்சி!" என்றான் சுடலைராஜ்.

"அது முதலாளி இல்லை" என்றாள் தேன்மொழி.

ராஜதுரை திரும்பினார். "பின்ன?"

"இதே கார்டு அந்த ஊரு மியூசியத்துல இருக்கு. நெட்டுல தேடிப் பாத்தேன். நடுவுல உக்காந்திருக்கவரு தொழிலாளர் சங்கத் தலைவரு, அண்ணாச்சி. அந்தப் பிள்ளைய எல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் தொடங்குன அன்னைக்குக் காலையில, கடையைப் பூட்டிட்டுக் கிளம்புறதுக்கு முன்னால எடுத்த படம் அது."

சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள். நேற்றே யோகலட்சுமி வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்திருந்தபடி, வரிசை மொத்தமும் அவள் பின்னால் இறங்கியது.