ராஜா இறங்கமாட்டார்

“ராஜா போய் நடு ரோட்டுல நடப்பானா? மானக்கேடு!” என்று மகளைப் பார்த்துச் சிரித்தார் மில் முதலாளி. சதுரங்கப் பலகையில் அவருடைய ராஜா சிப்பாய்களுக்குப் பின்னால், மூலையில் பத்திரமாக இருந்தது.

மகளின் ராஜா நடுப்பலகைக்கு வந்து, அந்தச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றது.

“பெரிய காயெல்லாம் போனப்புறம் ராஜாதாம்ப்பா இறங்கி அடிக்கணும். ஒளிஞ்சிருந்தா தோத்துதான் போகணும்.”

“பெரிசா சொல்ல வந்துட்டா! ஜன்னலைச் சாத்து, சத்தம் தாங்கல.”

கீழே தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். தறிக்காரியைக் கைநீட்டி அடித்த முதலாளி, நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சமாதானம் பேசப் போன மேனேஜரும் டிரைவரும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

“நீயாவது போய்ப் பேசும்மா.”

“போறேன். ஆனா திரும்பி வரமாட்டேன்.”

மகள் படியிறங்கியதும் முதலாளி எழுந்து கதவுவரை போனார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, தன் ராஜாவை மூலைக்குள் இன்னும் தள்ளி வைத்தார்.