கடைசி பெஞ்சு காமிரா

"இந்தப் பொண்ணு என்னைப் படம் புடிச்சிருக்கா விக்டோரியா! எல்லாம் நீ குடுத்த எடம்!"

கணக்கு டீச்சர் கன்னியம்மாவின் கையில் ஒரு காமிரா போன். பின்னாலேயே பத்தாம் வகுப்பு நஜ்மா, அழுதுகொண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்தான் வகுப்பில் சொன்னவள். "தலைப்பை நீங்களே எடுங்க. போன், கம்ப்யூட்டர், டேப்ரிக்கார்டர், எது வேணா வெச்சு ஒரு புராஜெக்ட் செய்ங்க." அதற்கு இந்தக் கழுதை ஜியாமெட்ரி பாக்ஸில் ஓட்டை போட்டு, உள்ளே போனை ஒளித்து, கடைசி பெஞ்சிலிருந்து படம் எடுத்திருக்கிறது!

"உன் தலைப்பு இன்னாடி?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன் மிஸ். சத்தியம் பண்ணிட்டேன்."

"நெட்ல போட்டுட்டா என் மானம் இன்னா ஆவறது? எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா!" போனைத் திறந்து பார்க்கவே கன்னியம்மாவுக்குப் பயம். பாவமாகத்தான் இருந்தது.

எச்.எம். அம்மாவிடம் போனோம். அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "இவளுக்கு டி.சி. குடுத்துடலாம். விக்டோரியா, உங்க புராஜெக்டையும் இன்னியோட மூட்டை கட்டுங்க."

ஆள் அனுப்பினோம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விட்ட கூட்டத்தில் பஸ் பிடித்து, மூச்சு வாங்க வந்து நின்றார் நஜ்மாவின் அம்மா சாயிரா பானு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க பொண்ணு பண்ணியிருக்கிற வேலையை நீங்களே பாருங்க" என்று எச்.எம். அம்மா போனை அமுக்கினார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கரும்பலகை. கணக்கு. சாக்பீஸ் பிடித்த கை. நடுநடுவே கன்னியம்மாவின் முதுகு. அடுத்த படமும் அதேதான். முகம் ஒன்றில்கூட இல்லை.

"அப்பாடா!" கன்னியம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "வீரராகவப் பெருமாளே, வயித்துல பாலை வார்த்தே!" அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, கணக்கைத்தான் எடுத்தேன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"

நஜ்மா அம்மாவைப் பார்த்தாள்.

"அவளைத் திட்டாதீங்க டீச்சர். எனக்காகத்தான் எடுத்தா" என்றார் சாயிரா பானு. "என்னை ஒம்போதாவதோட நிறுத்தி நிக்காஹ் பண்ணி வெச்சிட்டாங்க. இப்ப பிரைவேட்டா பத்தாவது எழுதப் போறேன். பெயிலாயிட்டா ஊட்ல எல்லாரும் சிரிப்பாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். தெனம் இந்த போன்லதான் உங்க பாடத்தைப் பார்த்துக்கினு இருக்கேன்."

அதற்கப்புறம் எச்.எம். அம்மா டி.சி. பேச்சையே எடுக்கவில்லை.

கன்னியம்மா மட்டும் விறைப்பாகக் கேட்டார். "நேத்து நடத்தினது புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது டீச்சர். கடைசிக் கணக்கு மட்டும்..." சாயிரா பானு தயங்கினார். "நீங்க மறைச்சுக்கினு நின்னுட்டீங்க."

கன்னியம்மா போனை எடுத்து நஜ்மாவின் கையில் திணித்தார்.

"கடைசி பெஞ்சுலேர்ந்து எடுத்தா மறைக்காம இன்னாடி பண்ணும்? நாளைலேர்ந்து முன்னால வந்து உக்காரு!"